பட்டறைப் பதில்கள்: நிற்பது இரண்டு நொடி

போன இதழில் ஏற்காட்டு இறக்கத்தில் பிரேக் சூடாவதைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ரேஸ் கார்களின் பிட் ஸ்டாப்பை, அதாவது பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற வண்டி நிற்பதை, ஒரு வரியில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எனக்கும் மனசுக்குப் பிடித்த விஷயம். கோரிமேட்டில் பட்டறை போடுவதற்கு முன்னால், தொண்ணூறுகளில், ஒரு தனியார் ராலி அணிக்கு சர்வீஸ் ஆளாக ஊர் ஊராகப் போனவன் நான். அதனால் இந்த மாதம் முழுக்க அதுவே.

டிவியில் பார்முலா ஒன் பார்க்கிறேன் ஐயா. இரண்டு நொடியில் நான்கு சக்கரத்தையும் மாற்றிவிடுகிறார்கள். எங்கள் தெருப் பஞ்சர் கடையில் ஒரு சக்கரத்துக்கே பத்து நிமிடம் ஆகிறது. அவர்கள் கை அவ்வளவு வேகமா?
(பாலிடெக்னிக் மாணவர், அம்மாபேட்டை)

தம்பி, ஒரு நாள் அந்தப் பஞ்சர் கடையில் நின்று, நேரம் எங்கே போகிறது என்று மட்டும் பார். ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து, எங்கே முட்டுக் கொடுப்பது என்று தேடுவார். நான்கு நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். கழற்றிய நட்டைக் கீழே வைப்பார், அதில் ஒன்று உருண்டு ஓடும். திரும்ப மாட்டும்போது சக்கரத்தை முழங்காலில் தாங்கிக்கொண்டு, ஓட்டையும் போல்ட்டும் நேராக வருகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். மரை சரியாக ஏறுகிறதா என்று முதல் இரண்டு சுற்றைக் கையால் திருகிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பார். அந்த மனிதர் மெதுவான ஆள் இல்லை. வண்டிதான் அவரை அவ்வளவு நேரம் உட்கார வைக்கிறது.

ரேஸ் காரை வரைகிறவர்கள் இந்தத் தொல்லைகளை ஒவ்வொன்றாகக் காகிதத்திலேயே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நான்கு நட்டுக்குப் பதில் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. கழற்றும்போது அது கீழே விழாது, சக்கரத்தோடேயே ஒட்டிக்கொண்டு வரும். மாட்டப்போகிற புதுச் சக்கரத்தில் அதற்கான நட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அச்சின் முனை குவிந்து இருப்பதால், சக்கரத்தைக் கொஞ்சம் கோணலாகக் கொண்டு வந்தாலும் தானாக நடுவுக்கு வந்துவிடும். நட்டின் வேலை சக்கரத்தை அழுத்திப் பிடிப்பது. சுழற்றுகிற விசையைத் தாங்குவது அச்சுத் தலையில் இருக்கும் தடித்த முளைகள். அவை சக்கரத்தில் உள்ள குழிகளுக்குள் போய் உட்காரும். மரையும் தடித்தது, சில சுற்றுகளில் நட்டு இறுகிவிடும்.

ஜாக்கிக்கும் இடம் தேட வேண்டியதில்லை. முன் மூக்கிலும் பின்பக்கத்திலும் அதற்கென்றே இடம் அமைத்திருக்கிறார்கள். முன்னால் நிற்கும் ஜாக்கிக்காரர், தன்னை நோக்கி ஓடி வரும் வண்டிக்கு எதிரே நிற்கிறார். அவர் ஜாக்கியில் ஒரு விசை உண்டு. அதைத் தட்டினால் வண்டி கீழே இறங்கும், அவர் பக்கவாட்டில் விலகிவிடலாம்.

அப்புறம்தான் ஆட்கள். ஒரு சக்கரத்துக்கு மூன்று பேர்: காற்றழுத்தத்தில் நட்டைத் திருகும் ஏர் கன் பிடிப்பவர், பழையதை இழுப்பவர், புதியதைப் போடுபவர். ஆக நான்கு சக்கரத்துக்கு 12 பேர். ஜாக்கிக்கு முன்னும் பின்னும், வண்டி ஆடாமல் பக்கத்தில் பிடிக்க, முன் இறக்கையின் கோணத்தைத் திருத்த என்று எல்லாம் சேர்த்தால் 20 பேர் வரை வருவார்கள். ஓட்டுநர் தரையில் போட்ட குறியில் அச்சாக நிறுத்த வேண்டும். அரை அடி தள்ளி நின்றாலும் 12 பேரும் நகர வேண்டியிருக்கும், கணக்கு போச்சு. கன்காரர் வேலை முடிந்ததும் பொத்தானை அழுத்துவார். நான்கு பக்கமும் முடிந்தால்தான் ஓட்டுநருக்குப் பச்சை விளக்கு.

2019 பிரேசில் பந்தயத்தில் ரெட் புல் அணி மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் வண்டிக்கு 1.82 நொடியில் இதைச் செய்தது. 2023-ல் கத்தாரில் மெக்லாரன் அணி லாண்டோ நாரிஸின் வண்டியை 1.80 நொடியில் அனுப்பிவிட்டது. இந்த வரியைப் படிக்கவே அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும். கை வேகத்துக்காக அவர்கள் வருடம் முழுக்கப் பழகுகிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே 20 பேரைக் கூட்டி வந்து என் பட்டறையில் நிற்கும் கார் ஒன்றைக் கொடுத்தால், நட்டைத் தேடவே இரண்டு நொடி போய்விடும்.

இளவயதில் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவன் நான். அப்போது இந்த ஆர்ப்பாட்டம் எதையும் பார்த்த ஞாபகம் இல்லை. எப்போது வந்தது இது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி)

ஐயா, சோழவரம் பார்த்த கண்ணுக்கு என் வணக்கம். வெளிநாட்டிலும் 1950களில் நிதானமான வேலைதான். நடு நட்டுக்கு இரண்டு மூன்று காது இருக்கும், செம்புச் சுத்தியலால் அந்தக் காதில் தட்டிக் கழற்றுவார்கள். ஓட்டுநர் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஏறுவார்.

அமெரிக்காவில் வுட் பிரதர்ஸ் என்று ஒரு குடும்பம், வர்ஜீனியா மாநிலத்துப் பட்டறைக்காரர்கள். யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்தக் கையில் எதை எடுக்க வேண்டும் என்று பிரித்து வைத்து வேலை பார்த்தவர்கள். 1965 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் வண்டிக்கு இவர்களைத்தான் கூப்பிட்டார்கள். அவர் ஜெயித்தார். எனக்கு அந்தச் செய்தியில் பிடித்தது என்னவென்றால், அவர்கள் போட்டிக்கு முன்பே வண்டியை முழுக்கத் தடவிப் பார்த்து, கைக்கு இடிக்கிற இடங்களையெல்லாம் சரி செய்துகொண்டார்கள்.

பார்முலா ஒன்னில் இதை ஒரு திட்டமாகவே ஆக்கியது 1982-ல் பிரபாம் அணி. வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே ஒரு கணக்குப் போட்டார். பாதி பெட்ரோலோடு கிளம்பினால் வண்டி எடை குறைவு, மென்மையான டயரும் போடலாம். நடுவில் நின்று நிரப்பிக்கொண்டு டயர் மாற்றும் நேரத்தைவிட, ஓட்டத்தில் மிச்சமாகும் நேரம் அதிகம். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்தான் இது. பெட்ரோல் நிரப்புவதை 1984-ல் தடை செய்தார்கள், 1994-ல் திரும்ப விட்டார்கள். அந்த வருடமே ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம் பந்தயத்தில் யோஸ் வெர்ஸ்டாப்பனின் வண்டி நிரப்பும்போதே தீப்பிடித்தது. இவர் நான்கு முறை சாம்பியனான மேக்ஸின் அப்பா. 2010-லிருந்து பார்முலா ஒன்னில் பந்தயத்தின் நடுவே பெட்ரோல் கிடையாது. அதனால்தான் இப்போது டயர் மாற்றும் நேரம் மட்டும் மிச்சமாகி, அதை நொடியின் நூறில் ஒரு பங்காக எண்ணுகிறார்கள்.

கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். திருகாணி ஒரு இழை மாறி ஏறினால் பின்னால் எடுக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அவ்வளவு அவசரத்தில் திருகுகிறார்களே, அவர்களுக்கு மரை மாறி ஏறாதா?
(செவ்வாய்ப்பேட்டை)

இந்தக் கேள்வியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். மரையோடு வாழ்கிறவருக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும்.

ஏறும். ஏறியிருக்கிறது. 2018 ஆஸ்திரேலியப் பந்தயத்தில் ஹாஸ் அணிக்கு நான்காவது ஐந்தாவது இடத்தில் இரண்டு வண்டி ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சின்ன அணிக்குப் பெரிய நாள். டயர் மாற்றி அனுப்பினார்கள். ஒரு வண்டியில் நட்டு சரியாக உட்காரவில்லை, நிறுத்த வேண்டியதாயிற்று. சில சுற்றுகள் கழித்து இரண்டாவது வண்டியிலும் அதே கதை. ஒரே நாளில் இரண்டும் போயின.

இன்னொன்று நீங்கள் சொன்ன மாதிரியே நடந்தது. 2021 மொனாக்கோ. வால்டேரி பொட்டாஸின் மெர்சிடஸ் வண்டி இரண்டாம் இடத்தில் ஓடி வந்து நின்றது. முன் வலது சக்கரத்தில் ஏர் கன் கொஞ்சம் கோணலாக விழுந்து, நட்டின் பற்களையே சீவிவிட்டது. கன்னுக்குப் பிடிமானம் இல்லை. சுழல்கிறது, நட்டு அசையவில்லை. பந்தயமே அத்தோடு முடிந்தது. இங்கிலாந்தில் இருக்கிற தொழிற்சாலைக்குக் கொண்டுபோன பிறகுதான் அந்தச் சக்கரம் கழன்றது.

உங்கள் கைக்கு ஒரு பிரச்சினை தெரியும்: நட்டு பெரியதாக இருந்தால் நேராக உட்காரும், எடை கூடும். இலேசான அலுமினியமாக இருந்தால் சீக்கிரம் சீவிக்கொள்ளும். அவர்கள் அலுமினியத்தைத்தான் எடுக்கிறார்கள், ஏனென்றால் சக்கரத்தோடு சுழலும் எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பதிலுக்கு, மரையின் ஆரம்ப முனையைச் செதுக்கி, நட்டு தானாக வழி கண்டுபிடித்து ஏறுகிற மாதிரி செய்கிறார்கள். நல்ல கொலுசுக்காரர் திருகாணியின் நுனியைக் கொஞ்சம் ஒல்லியாக்கி விடுவாரே, அதே யோசனை. உங்கள் தெருவில் அப்படிச் செய்து கொடுத்த ஒரு ஜோடி என் மகள் காலில் பதினைந்து வருடமாக இருக்கிறது.

இடப்பக்கத்துக்கு ஒரு திசை மரை, வலப்பக்கத்துக்கு எதிர்த் திசை மரை. சக்கரம் சுழலச் சுழல நட்டு தளரக் கூடாது என்பதற்காக. பக்கம் மாறிப் போகாமலிருக்க நட்டுக்கு இரண்டு நிறம் கொடுப்பதும் உண்டு. அத்தனைக்கும் மேல், நட்டு தளர்ந்தாலும் சக்கரம் கழன்று ஓடாமல் பிடிக்க அச்சு முனையில் ஸ்பிரிங் கொக்கி இருக்க வேண்டும் என்று விதி. 2013-ல் ஜெர்மனிப் பந்தயத்தில் சரியாக மாட்டாத சக்கரம் ஒன்று கழன்று உருண்டு ஒரு கேமராக்காரர் மேல் மோதியது, பலத்த காயம். நட்டை நான் அப்படிப் பயந்துதான் பார்க்கிறேன்.

லாரிக்கு எட்டும் பத்தும் நட்டு. நமக்கும் ஒரே நட்டு போட்டால் என்ன?
(லாரி உரிமையாளர், சங்ககிரி)

வேண்டாம். நடு நட்டு வைத்த போர்ஷே 911 ஜிடி3 காருக்கு அந்த நட்டை 600 நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும். ஒரு மீட்டர் நீள ஸ்பானரின் முனையில் 60 கிலோ ஆள் தொங்குகிற அளவு. நம் சின்னக் கார்களுக்கு அதில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் போதும். ரோட்டோரத்தில் நீங்கள் தனியாளாக 600 போட முடியாது. போடாவிட்டால், ஒன்றே ஒன்று என்பதால் அது தளர்ந்தால் சக்கரமே போயிற்று. நான்கில் ஒன்று தளர்ந்தால் மற்ற மூன்றும் ஊர் வந்து சேரும்வரை பிடித்துக்கொள்ளும். எதிர் மரையை நம் பழைய லாரிகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள், இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. அது தெரியாமல் பைப் மாட்டித் தொங்கி போல்ட்டை முறித்த பையன்கள் எத்தனை பேர்!

அஜித் சாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்றாம் இடம் வந்ததைக் கொண்டாடினோம். இரவு பகலாக ஓடும்போது வண்டி அடிபட்டால் எப்படி அவ்வளவு சீக்கிரம் சரி செய்கிறார்கள்?
(கல்லூரி மாணவர்கள் நால்வர், ஆத்தூர்)

2025 ஜனவரியில் நானும் பட்டறையில் செல்போனை வைஸில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பயிற்சியில் வண்டி மோதிச் சிதைந்த அதே வாரத்தில், போர்ஷே 992 ரகக் கார்களுக்கான பிரிவில் அணி மூன்றாவதாக வந்தது.

நீண்ட நேரப் பந்தயம் வேறு உலகம். பார்முலா ஒன்னில் அடிபட்டால் மாற்றக்கூடியது முன் மூக்கும் இறக்கையும்தான். பத்து நொடிப் பக்கம் ஆகும், வேறு ஏதாவது உடைந்தால் பெரும்பாலும் ஆட்டம் முடிந்தது. 24 மணி நேரத்தில் அப்படி விட்டுவிட முடியாது. அதனால் வண்டியைப் பிரித்து மாட்டுவதற்கென்றே வரைகிறார்கள்.

முதலில் ஜாக்கி வெளியே கிடையாது, வண்டிக்குள்ளேயே இருக்கிறது. காற்றுக் குழாயைப் பின்னால் ஒரு துளையில் செருகினால் அடியிலிருந்து கால்கள் இறங்கி வண்டி சட்டென்று தரையை விட்டு எழும். முன் பம்பர் முழுக்க ஒரே துண்டு. அதைப் பிடித்திருப்பது கால் சுற்றில் திறந்து கால் சுற்றில் மூடும் பூட்டு. விமானத்தின் தகடுகளுக்காக 1930களில் வந்த பூட்டு அது. உடைந்த பம்பரைக் கழற்றி, நிறமடித்துத் தயாராக வைத்த இன்னொன்றை மாட்டுவார்கள். உடைந்ததை ஒட்ட வைத்துக்கொண்டு யாரும் உட்காருவதில்லை.

பிரேக்கும் அப்படியே. ஆயில் குழாய் சேரும் இடத்தில், பிரித்தால் இரண்டு பக்கமும் தானாக அடைத்துக்கொள்ளும் மூட்டு இருக்கும். ஒரு சொட்டு சிந்தாது, காற்றும் புகாது. அதனால் காற்று எடுக்கும் வேலை இல்லை. நம் பட்டறையில் ஒரு பையன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவன் கீழே படுத்து 'மிதி, பிடி, விடு' என்று கத்திக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரம் முழுக்க மிச்சம்.

இதில் எல்லாவற்றுக்கும் உச்சம் என்று நான் நினைப்பது 2000-த்தில் வந்த ஆடி ஆர்8. கடையில் விற்ற அதே பெயர்க் கார் இல்லை, பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்காகச் செய்தது. அதன் கியர் பாக்ஸ், பின் சஸ்பென்ஷன், அச்சு எல்லாம் ஒரே மொத்தமாக வரும்படி வரைந்திருந்தார்கள். கியர் பாக்ஸ் கெட்டால் கியர் பாக்ஸைத் திறக்கவே மாட்டார்கள். வண்டியின் பின்பாதியை அப்படியே உருவி எடுத்துவிட்டு, ஆயிலோடு தயாராக நிற்கும் இன்னொரு பின்பாதியைத் தள்ளிச் சேர்ப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் வண்டி வெளியே போய்விடும். அந்தக் கார் லெ மானை 2000, 2001, 2002, 2004, 2005 என்று ஐந்து முறை ஜெயித்தது. இஞ்சினை வரைந்தவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பின்பாதி எங்கே பிரிய வேண்டும் என்று கோடு போட்டவரைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

எங்கள் ராலி அணிக்கு அப்படி வசதி எதுவும் இல்லை, ஒரு பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்தான். ஆனால் அணியில் மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். போட்டிக்கு ஒரு மாதம் முன்பு வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, அடியில் இருக்கும் போல்ட் எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே தலை அளவுக்கு மாற்றினார். பத்துக்கும் பதினான்குக்கும் பதினேழுக்கும் ஸ்பானர் தேடுகிற வேலை போயிற்று. அடித்தகட்டின் ஓட்டைகளைச் சாவித் துவாரம் மாதிரி நீட்டி அறுத்தார். போல்ட்டை முழுக்கக் கழற்ற வேண்டாம், இரண்டு சுற்றுத் தளர்த்தித் தகட்டை நகர்த்தினால் கையில் வந்துவிடும். தொடவே கூடாத போல்ட்டுக்குச் சிவப்பு, அடிக்கடி தொடுகிறதற்கு மஞ்சள். ராத்திரி இரண்டு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில், தூக்கக் கண்ணோடு அந்த மஞ்சள் தெரியும்போது அவர் மேல் வந்த மரியாதை எனக்கு இன்னும் குறையவில்லை.

என் காரில் முன் விளக்கு பல்பு போய்விட்டது. பல்பு விலை சில நூறு ரூபாய். கூலி அதைவிட மூன்று மடங்கு கேட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?
(குடும்பத் தலைவி, பேர்லண்ட்ஸ்)

ஏமாற்றவில்லை அம்மா, அந்தப் பையனுக்கு உண்மையிலேயே அவ்வளவு வேலை. கையை விட்டால் பல்பு வரைக்கும் போகாது. பேட்டரியை நகர்த்த வேண்டும். சில வண்டிகளில் முன் பம்பரையே இறக்க வேண்டும். பம்பரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளில் குறைந்தது இரண்டு உடையும், அதை வேறு வாங்கிப் போட வேண்டும்.

இதில் எனக்கு இருபது வருடத்து ஆதங்கம் உண்டு. அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தால் இஞ்சினைச் சுற்றிலும் தரை தெரியும், கை தாராளமாகப் போகும். எல்லா விதத்திலும் நல்ல வண்டி என்று சொல்லமாட்டேன், பெட்ரோல் குடிக்கும். ஆனால் அதை வரைந்தவர் ஒரு நாள் இதை யாரோ திறப்பார் என்று நினைத்திருந்தார். இப்போது வருகிற வண்டிகள் தொழிற்சாலையில் வேகமாகப் பூட்டுவதற்கு வரைந்தவை. அங்கே பல்பை முதலில் மாட்டிவிட்டு பம்பரைக் கடைசியில் மூடுகிறார்கள், அவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் எல்லாம் பிறகு கோரிமேட்டுக்கு வருகிறது. கம்பெனி ஆள் ஒருவரிடம் இதை நேரில் கேட்டேன். 'வாடிக்கையாளர் பானெட்டைத் திறக்கவே மாட்டார், அண்ணா' என்றார். வாடிக்கையாளர் திறக்காமல் இருக்கலாம், கூலியைக் கொடுப்பது அவர்தானே?

அடுத்த வண்டி வாங்கும்போது ஷோரூமில் சீட்டின் மெத்தையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். முன் விளக்கு பல்பு, காற்று வடிகட்டி, பேட்டரி, ஸ்டெப்னி, இந்த நான்கையும் அங்கேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

மருத்துவமனைகள் பிட் ஸ்டாப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
(செவிலியர், சேலம்)

உண்மைதான் சிஸ்டர். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதய அறுவைச் சிகிச்சை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் அந்தச் சில நிமிடங்கள் பெரிய சிக்கலாக இருந்தன. ஒயர்கள், குழாய்கள், மருந்து பம்புகள் எல்லாம் ஒரு இடத்தில் கழன்று இன்னொரு இடத்தில் மாட்டப்பட வேண்டும். அதே நேரத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த டாக்டர்கள் பெராரி அணியைப் போய்ப் பார்த்தார்கள். யார் பொறுப்பு என்று ஒருவரைக் குறித்தார்கள், மயக்க மருந்து டாக்டர். முதலில் கருவிகளை மாட்டுவது, அது முடிந்த பிறகுதான் தகவல் சொல்வது என்று பிரித்தார்கள். தவறுகள் குறைந்ததாக 2007-ல் ஆய்வு வெளியானது. உங்கள் பிரிவில் இதைச் செய்து பார்த்தால் எனக்கு எழுதுங்கள். படிக்கக் காத்திருப்பேன்.

ஏற்காட்டுக்கு டாக்ஸி ஓட்டுகிறேன் அண்ணா. போன மாதம் மழையில் 14-வது கொண்டை ஊசி வளைவுக்கிட்ட பஞ்சர். வண்டியில் குழந்தைகள். ஸ்டெப்னி மாற்ற முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. எங்களுக்கு எடுத்துக்கொள்ள இதில் ஏதாவது இருக்கிறதா?
(அடிவாரம்)

நிறைய இருக்கிறது தம்பி. முக்கால் மணி நேரத்தில் கால்வாசியாவது தேடுவதில் போயிருக்கும். ஜாக்கி சீட்டுக்கு அடியில், ஸ்பானர் டிக்கியில், அதன் மேல் சுற்றுலாப் பயணிகளின் பெட்டி. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பெட்டிகளுக்கு முன்னால் கைக்கு வருகிற இடத்தில் வை: ஜாக்கி, ஸ்பானர், கையுறை, தலையில் மாட்டும் டார்ச், சிவப்பு முக்கோணம். வண்டியோடு கொடுக்கும் ஸ்பானர் குட்டை. பிளஸ் வடிவ ஸ்பானர் ஒன்று வாங்கிக்கொள், இரண்டு கையாலும் பிடிக்கலாம்.

ஜாக்கி வைக்கிற இடத்தை இன்றைக்கே பகலில் கண்டுபிடித்து, நான்கு பக்கமும் பாடியின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட்டால் ஒரு கோடு போடு. எங்கள் ஜிப்ஸி மஞ்சள் அதுதான். மாதம் ஒரு முறை வண்டி தரையில் நிற்கும்போதே எல்லா நட்டையும் தளர்த்தித் திரும்ப இறுக்கு. துரு பிடித்து ஒட்டிக்கொள்ளாது. மரைக்கு ஆயில் போடாதே, இறுக்கும் கணக்கு தப்பிவிடும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று அன்றைக்கே பார்.

வளைவிலேயே நிற்காதே. ரிம் நசுங்கினாலும் பரவாயில்லை, மெதுவாக ஓட்டி நேராக இருக்கிற, கொஞ்சம் அகலமான இடத்துக்கு வந்துவிடு. குழந்தைகளை மலைப் பக்கம் இறக்கு, பள்ளத்துப் பக்கம் வேண்டாம். முக்கோணத்தை வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும், திரும்பிய பிறகு பார்த்தால் பஸ்காரர் பிரேக் போட நேரம் இருக்காது. கைப்பிரேக், மேலே பார்த்து நின்றால் முதல் கியர், கீழே பார்த்து நின்றால் ரிவர்ஸ், சக்கரத்துக்கு இரண்டு கல். நட்டைத் தளர்த்துவது தூக்குவதற்கு முன். தூக்கிய பிறகு கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடு, ஜாக்கி சரிந்தால் வண்டி அதன் மேல் உட்காரும், உன் கை தப்பும்.

புதுச் சக்கரத்தை நின்றுகொண்டு தூக்காதே. தரையில் உட்கார்ந்து, காலால் நெம்பி, மேலே இருக்கிற போல்ட்டில் முதலில் மாட்டு. சக்கரம் அதில் தொங்கும், மற்றவை தானாக நேராகும். நட்டைக் கையால் மூன்று சுற்று, அப்புறம் எதிரெதிராக இறுக்கு. இறக்கிய பிறகு இன்னொரு முறை. ஊர் வந்ததும், ஐம்பது கிலோமீட்டருக்குள், மூன்றாவது முறை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பழகினால் பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிடுவாய்.

மழைக்கு ஒன்று விட்டுவிட்டேன். மலை ஓரத்து மண் இளகியிருக்கும், ஜாக்கி உள்ளே புதையும். அதற்குக் கீழே வைக்க ஒரு அடிக்கு ஒரு அடி தடித்த பிளைவுட் துண்டு வேண்டும். மேலே போகும் வழியில் பட்டறையில் ஒரு நிமிடம் நிறுத்து, வெட்டித் தருகிறேன். காசு வேண்டாம்.